பச்சை நூல் கட்டிய ஊசி

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதம். திண்டுக்கல்லில் ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணில் மண் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்படி ஒரு மதிய வேளையில், அகரம் போகும் சாலையை ஒட்டிய ஒரு வறண்ட கண்மாய்க்கரையில் எனக்கு நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் எடுப்பவள். விடுமுறை கிடைக்கும்போது, நலத்திட்டங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்து மதிப்பெண் போடும் குழுக்களில் வேலை செய்வேன். என் கணவர் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "ஊருக்கெல்லாம் மார்க் போடுறவங்க" என்றுதான் சொல்வார். அவர் வைத்த ரசத்துக்கும் நான் மார்க் போட்டதுண்டு, அது வேறு கதை.

அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை, போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கும் சிறையில் இருக்கிறவர்களுக்கும் எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் திட்டத்தை மதிப்பிடுவது. ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வதால்தான் இவர்களிடையே நோய் பரவுகிறது. அதனால் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பார்கள். ஊசியை விட நினைப்பவர்களுக்கு, தினமும் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற ஒரு மாத்திரை உண்டு. பரிசோதனை, ஆலோசனை எல்லாம் இலவசம். "போதைக்காரனுக்கு அரசாங்கமே ஊசி கொடுக்குதா?" என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதித் தொண்டை போய்விட்டது.

முதலில் ஒரு சிறைக்குப் போனோம். எந்தச் சிறை என்பது வேண்டாம். அங்கே படம் போட்ட அட்டைகளை வைத்து ஒரு வகுப்பு நடந்தது. நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று ஒரு பெண் அழகாக எடுத்துச் சொல்ல, கேட்ட கேள்விக்கெல்லாம் கைதிகள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். விருப்பப்பட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் இருந்தது. உள்ளே யாராவது ஊசி போடுகிறார்களா என்று கேட்டோம். அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றார்கள். நானும் மனநிறைவோடு தாராளமாக மதிப்பெண் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்து, ஊசி போடுகிறவர்களுக்காக எங்கள் ஊரில் நடக்கும் சென்டர். ஒரு சின்ன மாடி வீடு. பத்திரிகை, டிவி, கேரம்போர்டு, ஒரு மூலையில் தண்ணீர்க் குடம். பார்த்தால் போதைக்காரர்கள் வந்து போகும் இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களை வரவேற்றவர் ஒரு களப்பணியாளர், நாற்பது வயதிருக்கும். அவரும் ஒரு காலத்தில் ஊசி போட்டவர்தான். அதை மறைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, "டீ சாப்புடுறீங்களா மேடம்?" என்று கேட்டார்.

அங்கே ஒரு விஷயம் என்னை ரொம்பவே கவர்ந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய வண்ண வண்ண நூல்கள். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்த பிறகு முடிச்சைப் பிரிப்பார்கள் இல்லையா, அப்போது கழியும் நூல். சேர்ந்து உட்கார்ந்து ஊசி போடும்போது எது யாருடையது என்று தெரியாமல் மாறிவிடுகிறது என்பதால், ஆளுக்கொரு நிறம் எடுத்து அவரவர் ஊசியில் கட்டிக்கொள்கிறார்களாம். இந்த யோசனை யாருடையது என்று கேட்டேன். "இங்க வார ஒருத்தர்தான் கொண்டாந்தார்" என்றார் களப்பணியாளர், அதற்கு மேல் சொல்லவில்லை.

நான் இதுபோன்ற இடங்களில் ஒரு சின்னச் சோதனை வைப்பேன். ரகசியம் காக்கிறார்களா என்று கேட்டால் எல்லோரும் காக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். அதனால் அப்படிக் கேட்க மாட்டேன். பேச்சோடு பேச்சாக யாரையாவது காட்டி விவரம் கேட்பேன். அன்றும் கேரம்போர்டில் தனியாகக் காயை அடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, அவர் பெயர் என்ன, எந்த ஊர் என்று சாதாரணமாகக் கேட்டேன். களப்பணியாளர் சிரித்துக்கொண்டே, "அவர்ட்டயே கேளுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முழு மதிப்பெண். எனக்கு என் சாமர்த்தியத்தின் மேல் ஏற்பட்ட திருப்தியைச் சொல்லி முடியாது.

மதியம், ஊசி போடுகிறவர்கள் கூடும் இடங்களில் பயன்படுத்திய ஊசிகள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. களப்பணியாளரோடு அந்தக் கண்மாய்க்கரைக்குப் போனேன். சுற்றிலும் சீமைக் கருவேலம். என் பையில் ஷூ இருந்தது. சேலைக்கு ஷூவா என்று அதைப் போடாமல் சாதாரணச் செருப்போடு கரையில் ஏறினேன். காற்று ஒரு தள்ளு தள்ள, முந்தானை முகத்தில் சுற்றிக்கொள்ள, கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். விழாமல் இருக்கக் கையை ஊன்றினேன். உள்ளங்கையில் சுருக்கென்றது.

கருவேல முள் என்றுதான் முதலில் நினைத்தேன். முள்ளாக இருக்கக்கூடாதா என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். கையைத் தூக்கினால் அதோடு சேர்ந்து ஒரு சிரிஞ்சும் வந்தது. அதன் கழுத்தில் பச்சை நூல், இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

களப்பணியாளர் முகம் ஒரு கணம் வெளுத்ததைப் பார்த்தேன். ஆனால் பதறவில்லை. நான் விரலால் அழுத்திப் பிதுக்கப் போனதைத் தடுத்தார். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என்னை அங்கே கூட்டிப் போய், பையிலிருந்து சோப்பு எடுத்துக் கொடுத்து, போதும் என்று அவர் சொல்லும் வரை கழுவ வைத்தார். அந்த ஊசியை இடுக்கியால் எடுத்துத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிடம் நான் அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

வழியெல்லாம் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். பச்சை யாருடையது? காற்றில் காதில் விழவில்லை என்று அவர் நடித்தாரோ, நிஜமாகவே விழவில்லையோ, பதில் வரவில்லை.

டாக்டர் மிகவும் நிதானமானவர். என் ரத்தத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, தடுப்பு மாத்திரையை அங்கேயே தன் எதிரில் விழுங்க வைத்தார். இதை ஒரு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், குமட்டும், சோர்வாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். அந்த ஊசியைப் போட்டவர் தானாக விரும்பி வந்து பரிசோதனை செய்துகொண்டால், அதைப் பார்த்து மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று சொல்ல முடியும் என்றும் சொன்னார். விரும்பி வந்தால் மட்டும்தான். யாரையும் இழுத்து வர முடியாது.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் களப்பணியாளரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அடுத்த மாதம் அவளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க வேண்டும், என் நிலைமையை நினைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சல் வேலைக்கு ஆகவில்லை என்றதும் கோபம் வந்தது. உங்கள் சென்டருக்கு மதிப்பெண் போடுவது நான்தான் என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அந்த இடத்திலேயே தைத்துவிடலாம் போல இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "காலையில நீங்க கேட்டப்ப என்ன சொன்னேனோ, அதான் மேடம் இப்பவும். பச்சை யாருதுன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, "உங்களுக்கு இப்பிடி ஆயிருச்சுன்னு அவர்ட்ட நான் சொல்லலாமா? நீங்க சரின்னாத்தான் சொல்லுவேன்" என்றார்.

அதுவரை அடுத்தவர் ரகசியத்தைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் இப்போது ஒன்று வந்துவிட்டது என்பது அவர் கேட்டபோதுதான் உறைத்தது. "சொல்லுங்க, ஆனா என் பேரைச் சொல்லாதீங்க" என்றேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் கேலி எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு மாத்திரை வாங்க வரிசையில் நின்றேன். அப்போது பார்த்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வந்த என் சின்ன மாமியார் எதிரே வந்துவிட்டார். அவர் காதில் ஒரு செய்தி விழுந்தால் அன்று சாயங்காலமே பழநி வரைக்கும் போய்விடும். "என்னத்தா, இங்க நிக்கிற?" என்றார். ஆபீஸ் வேலை என்றேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் கண் என் தலைக்கு மேல் எச்.ஐ.வி. என்று எழுதியிருந்த போர்டைப் படித்துவிடுமோ என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. இதே வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு வராமல் போனவர்களைப் பற்றி எத்தனை அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன்! "விழிப்புணர்வு போதவில்லை" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறேன். எனக்கு விழிப்புணர்வுக்கு என்ன குறைச்சல்?

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "சரி, சாப்டியா?" என்றார். அதன்பிறகு மாத்திரை வேளைக்கு ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, நான் விழுங்கும் வரை நகராமல் நிற்பார். டாக்டர்கூட இத்தனை கண்டிப்பாக இல்லை. மாத்திரை வயிற்றைப் புரட்டியது. பிரியாணி வாசம் வராத தெரு ஒன்றை இந்த ஊரில் காட்டுங்கள் பார்ப்போம். அந்த நாட்களில் வெளியே போகவே பயமாக இருந்தது.

தினமும் களப்பணியாளருக்குப் போன் செய்தேன். "சொல்லிட்டேன் மேடம்" என்பதோடு முடித்துக்கொள்வார். சொல்லியும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? இவர்களுக்காக வெயிலிலும் காற்றிலும் அலைந்தேனே, எனக்கு ஒன்று என்றால் ஓடி ஒளிகிறார்களே என்று மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. ஒரு இரவு மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டபோது, அவள் மேல் கை போடலாமா கூடாதா என்று தயங்கினேன். தொடுவதால் வராது என்று ஊரெல்லாம் பாடம் எடுத்தவள் நான். அந்தத் தயக்கம்தான் என்னை ரொம்பவும் அழ வைத்தது.

இப்படிச் சில நாட்கள் போன பிறகு, ஒரு காலையில் ஆஸ்பத்திரி ஆலோசகரிடமிருந்து போன். உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் வந்திருக்கிறார், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அவருக்குப் பரிசோதனை முடிந்துவிட்டதா, என்ன முடிவு என்று அவசரமாகக் கேட்டேன். "அது அவர் சொல்ல வேண்டியதுங்க" என்றார் ஆலோசகர். இந்த ஊரில் யாருமே எதையுமே சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது என்று எரிச்சலோடு கிளம்பினேன்.

ஆலோசகர் அறையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அன்று காலையில் தனியாகக் கேரம் அடித்துக்கொண்டிருந்தவர். நான் சோதனை வைக்கக் கை காட்டிய அதே மனிதர். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் ஒரு மஞ்சள் பையோடு.

நான் உட்காரும் முன்பே அவர் சொல்லிவிட்டார். "மேடம், எனக்கு ஒண்ணும் இல்லையாம். அப்ப உங்களுக்கும் ஒண்ணும் வராதுல்ல?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் மெதுவாக மற்றதைச் சொன்னார். ஒரு வழக்கில் சிறைக்குப் போய், வெளியே வந்து வருடம் ஒன்று ஆகப்போகிறதாம். வந்ததிலிருந்து சென்டரில் நாக்குக்கு அடியில் வைக்கிற அந்த மாத்திரைதான் எடுக்கிறார். இடையில் மனசு கேட்காமல் சில முறை கண்மாய்ப் பக்கம் போய் ஊசி போட்டிருக்கிறார். அது அப்போது வரை மனைவிக்குத் தெரியாதாம். பரிசோதனைக்கு வந்தால் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. சிறையிலிருந்து வந்த நாள்முதல் எத்தனையோ பேர் சொல்லியும் அவர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதே இல்லை.

"உள்ள நூலும் கெடையாது, நெறமும் கெடையாது மேடம். எங்கிட்டோ இருந்து ஒரே ஒரு ஊசி வரும், அம்புட்டுப் பேருக்கும் அதான். அதை நெனச்சு நெனச்சுத்தான் வெளிய வந்ததும் நூலைக் கொண்டாந்தேன். என் ஊசியைத் தவிர வேற எதையும் தொடலை. ஆனா டெஸ்ட்டுக்கு வரத்தான் தைரியம் இல்ல."

படம் போட்ட அட்டைகளும், கைதிகளின் ஒரே குரலும், நான் போட்ட தாராள மதிப்பெண்ணும் என் கண்முன் வந்து போயின. அங்கே யாரும் எங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கு நீங்க என் பேரைக் கேட்டப்ப அண்ணன் சொல்லலை. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்குக் குத்துன பெறகும் சொல்லலைன்னு தெரிஞ்சுச்சு. அவர் சொல்லி யாராச்சும் தேடி வந்திருந்தா, பஸ் ஏறிப் போயிருப்பேன். யாரும் வரலை. அதான் என்னால வராம இருக்க முடியலை."

வீட்டில் சொன்ன பிறகு மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் மனைவியே அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார். அந்தப் பெண் மஞ்சள் பையிலிருந்து சிறுமலை வாழைப்பழச் சீப்பை எடுத்து என் கையில் வைத்தார். "மாத்திரை வயித்தைப் பெரட்டும்னாங்க. இதுல ஒண்ணு சாப்புட்டுப் பாருங்கக்கா" என்றார். என்னைக் குத்திய ஊசிக்கு அவர் என்ன செய்வார்? ஆனால் அவர் கண்ணில் மன்னிப்புக் கேட்கும் பார்வை இருந்தது. நான் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவரைத் தயங்காமல் தொட்டேன்.

டாக்டர் அந்த மனிதரிடம் விவரமெல்லாம் கேட்டறிந்த பிறகு, நான் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார். சில வாரம் கழித்தும், சில மாதம் கழித்தும் எனக்குப் பரிசோதனை செய்தார்கள். ஒன்றும் இல்லை. கடைசி முடிவு வந்த அன்று இரவு வீட்டில் பிரியாணி. வாங்கி வந்தவர் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டவரும் அவர்தான். காரம் என்றார்.

அறிக்கையை எழுதும்போது அந்தக் கண்மாய்க்கரை ஊசியைக் குறிப்பிடுவதா வேண்டாமா என்று குழம்பினேன். களப்பணியாளரிடமே கேட்டேன். "கெடந்தது நெசந்தானே மேடம், மார்க்கைக் கொறச்சுப் போடுங்க" என்றார். குறைத்துத்தான் போட்டேன். இப்போது அங்கே ஒரு கருவேல மரத்தில் மூடி போட்ட கேன் கட்டித் தொங்குகிறது. சிறைக்கு மறுபடியும் போனோம். இந்த முறை காவலர்கள் இல்லாத ஓர் அறையில், பெயர் கேட்காமல் உட்கார்ந்து பேசினோம். முதல் நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருவர் பேசினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் பேசினார்கள். வகுப்பும் அட்டையும் மட்டும் போதாது, உள்ளேயும் ஊசியை விட உதவும் அந்த மாத்திரை கிடைக்க வேண்டும், சொல்கிறவருக்குத் தண்டனை கூடாது என்று எழுதினோம். எழுதியதெல்லாம் நடந்துவிட்டதா என்றால் இல்லை. கொஞ்சம் நடந்திருக்கிறது.

போன தீபாவளிக்கு என் நாத்தனாரோடு சேலை எடுக்கச் சின்னாளபட்டி போயிருந்தேன். கடையில் சுங்குடிச் சேலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அந்தப் பச்சை நூல்காரர்தான். நன்றாகச் சதை போட்டு, நெற்றியில் விபூதியோடு, முகத்தில் ஒரு தெளிவு. என்னைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் நாத்தனாரின் கண்ணுக்கு அது தப்புமா? "உங்களுக்கு எங்க மதினியத் தெரியுமா?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி விஷயம் அவளுக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

அவர் ஒரு சேலையை விரித்துக் காட்டியபடி, "இல்லைங்கம்மா, இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

அவர் விரித்த சேலை பச்சை. பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டேன். நாத்தனார் என்னை வினோதமாகப் பார்த்தாள். அந்த மனிதரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. ஆனால் என் ரகசியத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் யார் என்று நினைக்கும்போதெல்லாம் என் கணவருக்கு அடுத்து அவர் முகம்தான் வருகிறது, அப்படி ஒரு நிம்மதியை எந்த மதிப்பெண்ணாலும் அளந்துவிட முடியாது என்பது இப்போது எனக்குத் தெரியும்.